பொருளாளரை முதலில் உட்கார வை

அன்புள்ள மகனுக்கு,

நீ கேட்ட வரிசை மாற்றக் கணக்கை, அதாவது ஆட்களையோ இலக்கங்களையோ எத்தனை வழியில் வரிசையாக வைக்கலாம் என்று எண்ணுவதை, போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தெரு மகளிர் குழுவில் நிர்வாகிகளை மாற்றினார்கள். மொத்தம் 12 பேர். தலைவி, செயலாளர், பொருளாளர் என்று மூன்று பொறுப்பு. தலைவியாக 12 பேரில் யாரும் வரலாம். அந்த ஒவ்வொருவருக்கும் செயலாளராக 11 பேர், அப்புறம் பொருளாளராக 10 பேர். 12 × 11 × 10 = 1320 வழி. பொறுப்பு எதுவும் இல்லாமல் சும்மா மூன்று பேரைப் பொறுக்கினால், அதே மூவரை 3 × 2 × 1 = 6 முறை எண்ணியிருப்போம். 6ஆல் வகுத்தால் 220.

இதுவரைக்கும் நீ சரியாகத்தான் போடுகிறாய். நிபந்தனை வந்தால்தான் தடுமாறுகிறாய். பொருளாளர் அடிக்கடி குடியாத்தத்துக்கு பஸ் ஏறி பேங்குக்குப் போக வேண்டும். அதற்குச் சம்மதித்தவர்கள் நாலே பேர். தலைவியிலிருந்து தொடங்கினால் கடைசியில் பொருளாளருக்கு மிச்சம் எத்தனை பேர்? நாலா, மூன்றா, இரண்டா? அந்த நாலு பேரில் யார் ஏற்கெனவே பதவிக்குப் போனார்கள் என்று தெரியாமல் சொல்ல முடியாது. பொருளாளரை முதலில் உட்கார வைத்துவிட்டால் சிக்கலே இல்லை: 4 × 11 × 10 = 440. கூட்டத்திலும் இப்படிச் செய்திருக்கலாம். தலைவி யார் என்பதிலேயே பொழுது போய், டீ ஆறிப்போனது.

ஒரு ஆள் இரண்டு பொறுப்பில் உட்கார முடியாது. இலக்கங்கள் அப்படியில்லை. டிஎன் 23 வண்டிகளைப் பார், ஒரு வரிசையில் 0001 முதல் 9999 வரை. நாலு இடத்திலும் பத்துப் பத்து இலக்கம், 10,000 வழி. 0000 மட்டும் கிடையாது. எந்த இலக்கமும் திரும்ப வராத எண்கள் 10 × 9 × 8 × 7 = 5040தான். அதாவது ஏறக்குறைய பாதி வண்டிகளில் ஏதோ ஒரு இலக்கம் திரும்ப வந்திருக்கும். உன் அப்பா இதை நம்பவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து போகிற வண்டி நம்பரையெல்லாம் குறித்துக்கொண்டிருக்கிறார்.

இதைப் போட்டுப் பார்: 0, 1, 2, 3, 4 இலக்கங்களை ஒன்றும் திரும்ப வராமல் வைத்து எத்தனை மூன்றிலக்க இரட்டை எண்கள் அமைக்கலாம்? முதல் இடம், கடைசி இடம் இரண்டிலும் கெடுபிடி உண்டு. 0 கடைசியில் வருவதைத் தனியாகப் பிரித்துப் போடு. விடையை வாட்ஸ்அப்பில் அனுப்பு, வழிமுறையோடு.

அம்மா