ஆதரவு முடிந்தாலும் கருவி ஓட வேண்டும்: ஹெட்செட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொழிற்பயன்பாட்டுக்கான கலப்பு மெய்ம்மை ஹெட்செட்களைத் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

பயிற்சிக்கூடங்களிலும் வடிவமைப்பு அறைகளிலும் நிஜக் காட்சியோடு கணினிக் காட்சியையும் சேர்த்துக் காட்டும் உங்கள் கருவிகளை நிறுவிப் பராமரிப்பது என் வேலை. விரும்பிச் செய்யும் வேலை. அந்த உரிமையில் கேட்கிறேன்: நீங்கள் மென்பொருள் ஆதரவை நிறுத்தும் நாளில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கருவியும் சேர்ந்து நின்றுபோகும்படி இனி எதையும் வடிவமைக்காதீர்கள்.

மேஜிக் லீப் 1 என்ற ஹெட்செட் 2018-இல் 2,295 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 2024 டிசம்பர் 31-ஆம் தேதியுடன் அதன் கிளவுட் சேவை நிறுத்தப்பட்டது. அதோடு கருவியின் அடிப்படைச் செயல்பாடுகளும் முடிந்தன. லென்ஸ் கெடவில்லை, சென்சார் பழுதாகவில்லை. மறுமுனையில் சர்வர் இல்லை, அவ்வளவுதான். அதே ஆண்டு விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, ஹெட்செட்களைக் கணினியோடு இணைத்து இயக்கும் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி மென்பொருள் நீக்கப்பட்டது. அதை நம்பியிருந்த எச்பி ரிவெர்ப் ஜி2 போன்ற ஹெட்செட்கள், கணினியைப் புதுப்பித்ததும் பயன்படாமல் போயின.

இதில் ஏற்படும் இழப்பு ஹெட்செட்டின் விலையோடு நிற்பதில்லை. உங்கள் விற்பனைப் பிரிவினருக்கு இது புரிவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

விமானப் பயிற்சிக்கான ஒரு காக்பிட் மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கை, நெம்புகோல், சுவிட்சுகள் எல்லாம் உண்மையானவை. சன்னலுக்கு வெளியே தெரியும் ஓடுபாதையும் மேகமும் மட்டும் கணினி வரைபவை. பயிற்சி பெறுபவர் தன் கையையும் சுவிட்சுகளையும் ஹெட்செட்டின் முன்புறக் கேமராக்கள் வழியாகப் பார்க்கிறார். கேமராப் படம் எங்கே முடிந்து கணினிக் காட்சி எங்கே தொடங்க வேண்டும் என்ற எல்லையைச் சன்னல் சட்டத்தை ஒட்டி நாங்கள் வரைந்து வைக்கிறோம். அந்த எல்லை சில மில்லிமீட்டர் விலகினால் போதும், மேகம் சுவிட்சுகளின் மேல் படியும். அல்லது சன்னல் ஓரத்தில் அறையின் சுவர் எட்டிப் பார்க்கும். கேமரா இடம் கண்டுகொள்வதற்கான குறியீட்டு அட்டைகளை ஒட்டி, விளக்கொளியைக் கூட்டிக் குறைத்து, தலையை ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்து, திரும்பத் திரும்ப அளவெடுத்துத்தான் அதைச் சரிசெய்ய முடியும். வேறு ஹெட்செட் வந்தால் கேமராவின் இடமும் கோணமும் மாறும், பார்வைப் பரப்பும் மாறும். வேலை முழுவதையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அங்கீகாரம் பெற்ற கருவி என்றால் சிக்கல் இன்னும் பெரிது. மெய்நிகர் ஹெட்செட் கொண்ட ஒரு ஹெலிகாப்டர் பயிற்சிக் கருவிக்கு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை முதன்முதலாக ஒப்புதல் தந்தது 2021-இல். அப்படிப்பட்ட கருவியில் முக்கியமான ஒரு பகுதியை நினைத்த நேரத்தில் மாற்றிவிட முடியாது. ஒழுங்குமுறை அமைப்புக்குத் தெரிவித்து, தேவைப்பட்டால் மறுமதிப்பீட்டுக்கும் உட்பட வேண்டும். காக்பிட் மாதிரி பல ஆண்டுகள் உழைக்கும். அதன் கண்ணாக இருக்கும் ஹெட்செட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை குறைந்த ஆயுள்?

பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாத பழைய கருவியை இயங்க விடுவது ஆபத்து என்று நீங்கள் சொல்வீர்கள். இணையத்தில் இணைந்த கருவிக்கு அது சரி. ஆனால் எங்கள் பயிற்சிக்கூடங்களில் பலவற்றுக்கு இணையமே தேவையில்லை. லைசென்ஸைச் சரிபார்க்கவும் கணக்கில் நுழையவும் உங்களுக்குத்தான் அது தேவைப்படுகிறது. இணையம் இல்லாமல் இயக்குவது முடியாத காரியமும் அல்ல. பின்லாந்தின் வார்யோ நிறுவனம், ராணுவம் போன்ற வாடிக்கையாளர்களுக்காக, இணையத் தொடர்பின்றி இயங்கும் தனிப் பதிப்பையே விற்கிறது. அவர்களுக்குச் செய்ய முடிந்ததை, ஆதரவு முடியும் நாளில் மற்ற எல்லோருக்கும் செய்ய முடியும்.

இதற்கு நல்ல முன்னுதாரணம் ஒரு மலிவு விலைக் கருவியிலிருந்து வந்தது என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன். ஃபேஸ்புக்கின் ஆக்குலஸ் கோ, 199 டாலருக்கு விற்கப்பட்ட பொழுதுபோக்கு ஹெட்செட். அதன் விற்பனை முடிந்த பிறகு, 2021-இல், கருவியின் மென்பொருள் பூட்டை முழுமையாகத் திறக்கும் இயங்குதளப் பதிப்பை அந்த நிறுவனம் வெளியிட்டது. அதற்காக உள்ளிருந்து வாதாடியவர், அங்கே தொழில்நுட்ப ஆலோசகராக இருந்த ஜான் கார்மேக். இருபது ஆண்டுகள் கழித்து யாருக்காவது பெட்டி பிரிக்காத ஒரு கருவி கிடைத்தாலும், சர்வர்கள் மூடப்பட்டிருந்தாலும், அதைக் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுவர முடிய வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். 199 டாலர் கருவியை வாங்கியவருக்குக் கிடைத்த மரியாதை, அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் கொடுத்தவருக்குக் கிடைக்கவில்லை.

கைவிடப்பட்ட விண்டோஸ் ஹெட்செட்களுக்கு 2025-இல் 'ஒயாசிஸ்' என்ற இலவச டிரைவர் வந்ததையும் நீங்கள் அறிவீர்கள். ஒரு பொறியாளர் தம் சொந்த முயற்சியில் எழுதியது அது. தனி ஒருவரால் முடிந்தது நிறுவனங்களின் வேலைத்திட்டத்தில் ஏன் இடம்பெறவில்லை?

தன் ஹோலோலென்ஸ் 2 ஹெட்செட்டின் உற்பத்தியை நிறுத்தியபோது, பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 டிசம்பர் 31 வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் தேதி குறித்துச் சொன்னது. தேதி தெரிந்தால் திட்டமிடலாம். அந்த அளவுக்கு நன்றி. விற்கும்போதே ஆதரவு முடியும் மாதத்தையும் ஆண்டையும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் சட்டம். எங்களுக்கு ஆதரவு முடிந்த மறுநாளும் முக்கியம்.

ஆகவே விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதித் தாருங்கள்: கடைசி மென்பொருள் பதிப்பு கணக்கோ சர்வரோ கேட்காமல் இயங்கும், அதன் நிறுவல் கோப்பை நாங்களே சேமித்து வைத்துக்கொள்ளலாம், ஒரே மென்பொருள் பல நிறுவனங்களின் ஹெட்செட்களிலும் இயங்க உதவும் ஓப்பன்எக்ஸ்ஆர் பொதுத்தரத்துக்கான இயக்கிப் பகுதியும் கேமரா அளவீட்டுத் தரவும் எங்களிடம் இருக்கும். கேபிளும் முகத்தில் படியும் மெத்தையும் உற்பத்தி நின்ற பிறகும் சில ஆண்டுகள் கிடைக்க வேண்டும். கருவியில் முதலில் நைந்துபோவது அவைதான்.

அடுத்த கொள்முதல் ஒப்பந்தப்புள்ளியில், தெளிவுத்திறனையும் பார்வைக் கோணத்தையும் கேட்பதற்கு முன்னால் இந்த உறுதிமொழியைக் கேட்கும்படி நான் பணிபுரியும் எல்லா இடங்களிலும் பரிந்துரைக்கப் போகிறேன். உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பயிற்சிக் கருவிகளைப் பராமரிக்கும் ஒரு பொறியாளர்