என்ஜினை இறக்கச் சம்மதிக்காதே

திருச்சி

அன்பு மகள் செல்விக்கு,

அப்பாவின் ஆசிகள். நம் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் மழைக்காலம் முழுவதும் உன் வீட்டுக் கொட்டகையில் நின்றுவிட்டு இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை என்றும், வந்து பார்த்த மெக்கானிக் பிஸ்டன் ரிங் போய்விட்டது, என்ஜினை இறக்கி சிலிண்டரைக் கடைந்து போர் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார் என்றும் போனில் சொன்னாய். வண்டியின் அருகில் நின்று ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டிய வேலை என்பதால் விவரமாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போ. நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான்: சோதித்துப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றாதே. மாற்றியே தீர வேண்டும் என்றாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பலனைப் பார்த்த பிறகு அடுத்ததற்குப் போ.

நன்றாக ஓடி வந்து நின்ற வண்டியின் ரிங், நின்ற இடத்திலேயே தேய்ந்துவிடாது. நிற்பதால் கெடுகிறவை வேறு. பேட்டரி இறங்கும், பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயின்ட்டின் முகத்தில் மெல்லிய படலம் படியும், பெட்ரோல் கெட்டுப் பசையாகும், பெட்ரோல் பம்பின் சவ்வான டயாஃப்ரம் விறைத்துப் போகும், சில சமயம் வால்வு ஒன்று அதன் குழலிலேயே ஒட்டிக்கொள்ளும். ரிங்கும் ஒட்டலாம், சிலிண்டரில் துரு ஏறலாம் என்பது உண்மைதான். ஆனால் செல்ஃப் அடித்தால் என்ஜின் தாராளமாகச் சுற்றுகிறது என்று நீயே சொன்னாய். அப்படியிருக்கும்போது என்ஜினை இறக்குவது கடைசியாக யோசிக்க வேண்டிய காரியம்.

சென்னைக்கு அருகே பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் 1961 முதல் தயாரான வண்டி இது. இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி வரைந்த உருவம். பின்னால் வந்த நான்கு கதவு மாடல் நம் நாட்டில் மட்டுமே உருவானது. பெரும்பாலான வண்டிகளில் வெறும் மூடிதான் திறக்கும். இதில் இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் முழுவதுமாகச் சாய்ந்துவிடுவதால், முன் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். உள்ளே இருப்பது 948 சிசி என்ஜின். அதற்கு வேண்டியவை சுத்தமான பெட்ரோல், காற்று, அழுத்தம், சரியான நேரத்தில் ஒரு பொறி, அவ்வளவுதான். எது குறைகிறது என்று வரிசையாகக் கேட்டால் அது பதில் சொல்லிவிடும்.

செல்ஃப் போடுவதற்கு முன் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பார். அளவு கூடியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால், பம்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலுக்குள் இறங்கியிருக்க வாய்ப்புண்டு. அந்த நிலையில் என்ஜினைச் சுற்றவே கூடாது. டயாஃப்ரமையும் ஆயிலையும் மாற்றிய பிறகுதான் மற்ற வேலை. வாடை இல்லையென்றால் நான்கு பிளக்குகளையும் கழற்றி, எந்தச் சிலிண்டரிலிருந்து எது வந்தது என்று குறித்து வை. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு, சற்று நேரம் கழித்து பிளக் இல்லாமலே செல்ஃப் அடி. ஆயில் விளக்கு அணையும் வரை விட்டு விட்டு அடித்தால் போதும், பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்துவிடும். கொட்டகையில் ஒரு வாளி மணலும் தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இதில் அலட்சியம் வேண்டாம் அம்மா.

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டை ஒட்டி நின்றால் நல்லது. அதைவிட மிகவும் இறங்கினால் பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலுக்குப் போதுமான மின்சாரம் கிடைக்காது. பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் எர்த் பட்டையைப் பார். என்ஜின் ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், பின்னல் கம்பியாலான அந்தப் பட்டைதான் அதைச் சேஸிஸோடு இணைக்கிறது. பட்டை துருப்பிடித்தால் செல்ஃபின் மின்சாரம் முழுவதும் வேறு வழி தேடி, சோக் கேபிள் வழியாகப் பாயும். செல்ஃப் அடித்தபின் சோக் கேபிளைத் தொட்டுப் பார். சுட்டால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது. பட்டையின் இரு முனையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் சரியாகிவிடும். புதுப் பேட்டரி மாட்டினால் எர்த் பாசிட்டிவிலா நெகட்டிவிலா என்று பழைய இணைப்பைப் பார்த்து உறுதி செய்துகொள். இங்கிலாந்து வடிவமைப்பில் வந்த அந்தக் கால வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த்.

அடுத்தது பொறி. பழைய பெட்ரோல் வண்டி முரண்டு பிடித்தால் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கும் என்பது என் முடிவு. அதனால் இதில் அதிக நேரம் செலவிடு. பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலிருந்து காயிலுக்குப் போகும் தடித்த வயரைக் கழற்றி, பிளாஸ்டிக் பிடி போட்ட குறடால் பிடித்து, அதன் நுனி என்ஜின் இரும்பிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்படி வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையைச் செல்ஃப் அடிக்கச் சொல். பிளக் ஓட்டைகளிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் விலகிய இடமாக இருக்கட்டும். சடசடவென்று நீல நிறத்தில் தடித்த பொறி பாய்ந்தால் காயில் வரைக்கும் குறையில்லை. மெலிந்து மஞ்சளாக வந்தாலோ, வராமலே போனாலோ மூடியைத் திற.

பாயின்ட் முழுவதும் திறந்திருக்கும் நிலைக்கு என்ஜினைக் கையால் திருப்பி, இடைவெளியை, மெல்லிய அளவுத் தகடுகளான ஃபீலர் கேஜால் அளந்து பார். 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பாயின்ட்டின் இரண்டு முகங்களுக்கும் நடுவே வெள்ளைத் தாளின் ஒரு துண்டைச் செருகி, மூடவிட்டு மெல்ல இழு. தாளில் சாம்பல் நிறக் கோடு விழும். அந்தப் படலம்தான் மழைக்கால ஈரத்தில் உருவானது. தாள் சுத்தமாக வரும் வரை இழுத்தால் பெரும்பாலும் அதுவே போதும். குழி விழுந்திருந்தால் மட்டும் நைசான அரத்தைக் கொண்டு லேசாகத் தேய்.

பிறகு ஒரு டெஸ்ட் பல்பை, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டி, சாவியைப் போட்டு என்ஜினைச் சுற்று. பாயின்ட் திறக்கும்போது பல்பு எரிந்து, மூடும்போது அணைய வேண்டும். எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் ஒன்றையொன்று தொடவில்லை, அல்லது முகத்தில் இன்னும் அழுக்கு இருக்கிறது. எரியவே இல்லையென்றால் காயிலுக்கு மின்சாரம் வரவில்லை, இல்லாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ எர்த் ஆகிறது. பாயின்ட் மாட்டும் திருகில் இருக்கும் சிறு ஃபைபர் வாஷர் இடம் மாறினால் இப்படி ஆகும். உள்ளே ஓடும் மெல்லிய வயர் உறைக்குள் மறைவாக அறுந்திருந்தாலும் பல்பு குழப்பமாக நடந்துகொள்ளும். அதை வெறுமனே பார்த்தால் தெரியாது. லேசாக இழுத்துப் பார்த்தால் உறை நீளும்.

பல்பு ஒழுங்காக எரிந்து அணைந்தும் பொறி மெலிந்திருந்தால் பாயின்ட்டோடு இணைந்திருக்கும் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். ஆனால் இப்போது கடைகளில் கிடைக்கும் கண்டென்சர்களிலும், மூடிக்கு அடியில் சுற்றிப் பொறியை ஒவ்வொரு வயருக்கும் தரும் ரோட்டார்களிலும் தரமில்லாதவை நிறைய இருக்கின்றன. புதியது என்ற ஒரே காரணத்துக்காக நம்பிவிடாதே. நடு வயரில் நல்ல பொறி வந்து பிளக்கில் மட்டும் வரவில்லையென்றால் ரோட்டார், மூடிக்குள் இருக்கும் கார்பன் குச்சி, மூடியின் விரிசல் ஆகிய மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார். விரிசலில் ஈரம் ஏறியிருந்தால் உள்பக்கத்தில் பென்சில் கோடு போலக் கறுப்பு வழித்தடம் தெரியும். அப்படிப்பட்ட மூடியைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

நீ சொன்னவற்றில் என் மனத்தில் தைத்தது ஒன்று உண்டு. முதலில் வண்டி சும்மா சுற்றியது, மெக்கானிக் வந்துபோன பிறகுதான் கார்புரேட்டர் வழியாகச் சீறுகிறது என்றாய். பெட்ரோலும் பொறியும் இருக்கின்றன, ஆனால் தவறான நேரத்தில் சந்திக்கின்றன என்பதற்கு அது அடையாளம். அவர் பிளக் வயர்களைக் கழற்றி மாற்றிச் செருகியிருக்கலாம். ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். எரியும் வரிசை 1, 3, 4, 2. மேலிருந்து பார்த்தால் ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றும். என்ஜின் மேல் வால்வுகளை மறைத்திருக்கும் டேப்பட் மூடியைத் திறந்து, நான்காம் சிலிண்டரின் வால்வுகளில் ஒன்று மூடி முடிக்கையில் மற்றொன்று திறக்கத் தொடங்கும் நிலைக்கு என்ஜினைத் திருப்பினால், முதல் சிலிண்டர் எரிய வேண்டிய நிலையில் இருக்கும். ரோட்டார் அப்போது காட்டும் முனைக்கு முதல் வயர்; அங்கிருந்து இடஞ்சுழியாக 3, 4, 2. டேப்பட் மூடியைத் திறந்த கையோடு எட்டு வால்வுகளும் ஏறி இறங்குகின்றனவா என்றும் பார்த்துவிடு. டேப்பட் இடைவெளி, என்ஜின் குளிர்ந்திருக்கையில், 10 தௌ.

அதன் பிறகுதான் பெட்ரோல். கார்புரேட்டருக்குள் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, பம்பின் கைப்பிடியை மேலும் கீழும் அசை. கைப்பிடி பிடிப்பே இல்லாமல் ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதே. என்ஜினுக்குள் பம்பை இயக்கும் கேம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கலாம். என்ஜினை முழுதாக ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடி முயன்று பார். பாட்டிலில் விழுந்த பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்தால் டேங்கை முழுக்க வடித்துவிட வேண்டும். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அந்தக் கால ரப்பரைக் கெடுக்கும். ஆகவே குழாய், டயாஃப்ரம் ஆகியவற்றுக்கு எத்தனால் தாங்கும் ரப்பராகக் கேட்டு வாங்கு. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைக் கழற்றி ஊதி எடு, கம்பியை விட்டுக் குத்தாதே. அந்த ஓட்டையின் அளவில்தான் வண்டியின் சீரான ஓட்டமே இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்திருக்கும் ஒருவரை அழைத்து, நான்கு சிலிண்டரையும் அளந்து எண்களை எழுதித் தரச் சொல். நான்கும் போதுமான அளவில், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் ரிங் பேச்சுக்கே இடமில்லை. ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால் குறை ரிங்கில், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில். வால்வு என்றால் சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றினாலே போதும், என்ஜினை இறக்க வேண்டியதில்லை. அந்த எண்கள் என் கைக்கு வரும்வரை யார் சொன்னாலும் என்ஜினைத் தொட விடாதே.

முதலில் கழற்றும் நான்கு பிளக்குகளின் நிறத்தையும், ஈரமா உலர்வா என்பதையும் படமெடுத்து அனுப்பு. மாற்றுகிற எந்தப் பழைய பாகத்தையும் தூக்கிப் போடாமல் ஓர் உறையில் போட்டுப் பெயரெழுதி வை, அடுத்த மாதம் நான் வரும்போது பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா