எடுகூற்றுக்குள் எந்தக் காலம்? அளவையியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அளவையியலைத் தமிழில் கற்பிக்கும், அதற்குப் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நியாயத்தொடை, அதாவது இரண்டு எடுகூற்றுகளிலிருந்து (ஆதாரக் கூற்றுகளிலிருந்து) ஒரு முடிவைப் பெறும் வாதம், என்றதுமே 'மனிதர் எல்லாரும் இறப்பவர், சோக்கிரடீஸ் மனிதர், ஆகவே சோக்கிரடீஸ் இறப்பவர்' என்று அவரைச் சாகடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறோம். அரிஸ்டோட்டிலின் 'முதல் பகுப்பாய்வு' நூலில் அந்த உதாரணமே கிடையாது, அது கிடக்கட்டும். அவர் மல்லுக்கட்டிய அவசியம், சாத்தியம் பற்றிய பகுதியை ஏன் தொடாமலே விடுகிறோம்? முதற் புத்தகத்தின் 8 முதல் 22 வரையான அத்தியாயங்கள் அதற்கென்றே இருக்கின்றன.

ஒன்பதாம் அத்தியாயத்தை மட்டும் பாருங்கள். பெரும் எடுகூற்று (முடிவின் பயனிலை வருவது) அவசியமாக உண்மை, சிறு எடுகூற்று (முடிவின் எழுவாய் வருவது) வெறுமனே உண்மை என்றால், முடிவும் அவசியமாகவே வரும் என்கிறார். மாற்றிப் போட்டால் வராதாம். அவருக்குப் பின் பள்ளியை நடத்திய மாணவர் தியோபிராஸ்டஸே இதை ஏற்கவில்லை. எடுகூற்றுகளில் எது பலவீனமோ, முடிவும் அதைப் போலத்தான் என்றார்.

மாணவர் தரப்புக்கு ஓர் உதாரணம் சொல்லப்பட்டது. மனிதர் எல்லாரும் அவசியமாக விலங்குகள். இந்த வேளையில் அசைவன எல்லாம் மனிதர் என்று வைத்துக்கொள்வோம். அதனால் அசைவன எல்லாம் அவசியமாக விலங்குகள் ஆகிவிடுமா? அடுத்த நொடி ஒரு கல் உருண்டால் கதை முடிந்தது. ஆனால் அரிஸ்டோட்டில் பக்கமும் நியாயம் உண்டு: இப்போது அசைகிற ஒவ்வொருவரையும் தனித்தனியே எடுத்தால், அவர் விலங்காக இல்லாமல் இருக்கவே முடியாதே!

பதினைந்தாம் அத்தியாயத்தில்தான் சிக்கல் முற்றுகிறது. 'எல்லாம்' என்பதை 'இப்போது' என்று காலத்தால் குறுக்கிக் கொள்ளாதீர்கள் என்கிறார். அசைவன எல்லாம் ஒரு வேளை மனிதராக இருக்கலாம் என்ற அதே உதாரணத்தை அவரே எடுத்துக் காட்டி விலக்குகிறார். சரி, அப்படியானால் ஒன்பதாம் அத்தியாயத்தில் அவரே எடுத்த உதாரணம்? 'விலங்குகள் எல்லாம் அசைகின்றன' என்ற கூற்று ஏதோ ஒரு வேளைக்கு மட்டும்தானே உண்மையாக முடியும்! எப்போதும் உண்மையானதை மட்டும் அனுமதித்தால் 'வெறும் உண்மை'க்கும் 'அவசிய உண்மை'க்கும் இடைவெளி எங்கே? பின்லாந்துத் தத்துவவாதி ஹின்டிக்கா 1973இல் இந்தக் காலப் பிரச்சினைக்காகவே ஒரு நூல் எழுதினார். பண்டைய கிரேக்கத் தத்துவவாதி டயடோரஸ் குரோனஸ் இன்னும் ஒரு படி மேலே போனவர்: நடப்பதும் நடக்கப்போவதும் மட்டுமே சாத்தியம் என்றார். அவரைப் படிக்க ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது.

என் கோரிக்கை சிறியது. அடுத்த பதிப்பில் இந்தக் குரு சிஷ்யச் சண்டைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். விடைத்திட்டம் போட முடியாதே என்று தயங்க வேண்டாம். குருவின் பக்கம் நின்றாலும் மாணவரின் பக்கம் நின்றாலும், 'அவசியமாக' என்பது எதைப் பற்றியது, 'எல்லாம்' எந்தக் காலத்துக்குரியது என்று பிள்ளை தெளிவாக எழுதினால் முழுப் புள்ளியும் கொடுங்கள்.

அன்புடன்,
அளவையியல் கற்பிக்கும் ஒருவர்