பட்டு நூலும் புரதமும்: கேம்பிரிட்ஜிலிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம்

கேம்பிரிட்ஜ்,
14 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் ஆயாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இன்று காலை, மில் சாலைக் கடையில் வாங்கி வைத்திருந்த பச்சரிசியையும் வெல்லத்தையும் கொண்டு சிறிய பாத்திரத்தில் பொங்கல் வைத்தேன். பால் பொங்கி வழிந்தபோது வெளியே இன்னும் விடிந்திருக்கவில்லை. இந்த மாதத்தில் இங்கே சூரியன் எட்டு மணிக்குத்தான் எழுகிறது, மாலை நான்கேகாலுக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்திலிருந்து இருட்டில் மிதிவண்டியில் திரும்பி, விரல்கள் மரத்துப்போனது தெளியும்வரை காத்திருந்து இதை எழுதுகிறேன்.

சென்ற வாரம் அலைபேசியில் நீங்கள், “புரதம் பருப்பிலும் முட்டையிலும் இருப்பதுதானே, அதைப் படிக்க எதற்கம்மா கடல் கடந்து போனாய்?” என்று கேட்டீர்கள். அன்றைக்கு அவசரத்தில் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அது நீங்கள் கேட்டே தீர வேண்டிய கேள்வி என்பதால் இன்று நிதானமாகப் பதில் எழுதுகிறேன். பிள்ளையார்பாளையத்தில் நம் வீட்டுத் தறியில் நாற்பது ஆண்டுகளாக உங்கள் கைகளில் புரண்டுகொண்டிருக்கும் பட்டு நூலே புரதம்தான் அப்பா. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைத்தான் நான் வேறொரு பெயரில் படிக்கிறேன்.

கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் வேகவைத்துப் பசை போக்கும்போது எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது என்று நீங்கள் கணக்குப் பார்ப்பீர்கள். கரைந்து போகும் அந்தப் பசை செரிசின் என்னும் ஒரு புரதம். மிஞ்சி நிற்கும் பளபளப்பான இழை ஃபைப்ராயின் என்னும் இன்னொரு புரதம். நூல் அசல் பட்டுதானா என்று பார்க்க நீங்கள் ஒரு துணுக்கைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பீர்கள், முடி கருகும் வாடை வரும். முடியும் புரதத்தால் ஆனதாகையால் இரண்டுக்கும் ஒரே வாடை. சாயப்பட்டறையில் சாயத் தொட்டியில் அமிலம் சேர்ப்பதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. அமிலம் பட்டுப் புரதத்தின் சில இடங்களுக்கு நேர்மின்னேற்றம் தருகிறது, எதிர்மின்னேற்றம் கொண்ட சாயத்தை அந்த இடங்கள் இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு மணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சரம். உயிரினங்கள் பொதுவாக 20 வகை மணிகளையே பயன்படுத்துகின்றன. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்னும் வரிசைதான் ஒரு புரதத்தை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்துகிறது. பட்டுப்புழுவின் ஃபைப்ராயின் சரத்தில் 5,000-க்கும் மேற்பட்ட மணிகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை கிளைசின். 20 வகையிலும் மிகச் சிறிய மணி அதுதான். ஒன்று விட்டு ஒன்றாக இந்தச் சிறிய மணி வருவதால், பக்கத்துப் பக்கத்துச் சரங்கள் இடைவெளியே இல்லாமல் நெருங்கிப் படுத்து, மடித்து அடுக்கிய சேலைகளைப் போலத் தகடு தகடாகப் படிகின்றன. பட்டின் உறுதி அந்த அடுக்கிலிருந்து வருகிறது.

இந்த வரிசையை உயிரணு எப்படி அறிகிறது? சேலையில் பூவேலை நெய்யத் தறியின் மேல் வைக்கும் ஜக்கார்டுப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டத்தாளில் வரைந்த மூலப்படம் தறிக்கு வருவதில்லை. அதைப் பார்த்துத் துளையிட்ட அட்டைகள்தான் தறியின் மேல் ஏறுகின்றன. அதைப் போலவே டி.என்.ஏ. என்னும் மூலப்படம் உயிரணுவின் உட்கருவிலேயே தங்கிவிட, தேவையான பகுதி மட்டும் தூது ஆர்.என்.ஏ. என்னும் படியாக எழுதப்பட்டு வெளியே வருகிறது. பட்டுப் புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ.வை 1972-ல் சுசுகி, பிரவுன் என்னும் இருவர் பட்டுப்புழுவிலிருந்தே பிரித்தெடுத்துக் காட்டினார்கள். இந்தப் படியில் உள்ள எழுத்துகள் நான்கே வகை. அவற்றை மும்மூன்றாகப் படிக்க வேண்டும், ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஒரு மணியைக் குறிக்கும். மும்மூன்றாகச் சேர்த்தால் 64 சேர்க்கைகள் கிடைக்கும். அவற்றில் 61 மணிகளைக் குறிக்கின்றன, மீதி மூன்றும் சரம் முடிந்தது என்பதைக் குறிக்கின்றன. மும்மூன்றாகத்தான் படிக்கப்படுகிறது என்பதைப் பிரான்சிஸ் கிரிக், சிட்னி பிரென்னர் என்னும் அறிவியலாளர்கள் தம் துணைவர்களோடு 1961-ல் இந்த ஊரில்தான் நிறுவினார்கள். ஓர் எழுத்து விட்டுப்போனால் அதற்குப் பின் வரும் மூன்றெழுத்துகள் எல்லாமே இடம் பெயர்ந்து பொருள் மாறிவிடுகின்றன. வேறு இரண்டு எழுத்துகளும் அருகிலேயே விட்டுப்போனால் வாசிப்பு மறுபடி சரியான தடத்துக்கு வந்துவிடுகிறது. இதை அவர்கள் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை வளர்த்தே கண்டுகொண்டார்கள் என்பது இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

தறியின் இடத்தில் இருப்பது ரைபோசோம். அது தூது ஆர்.என்.ஏ.வை மும்மூன்றெழுத்தாக நகர்த்துகிறது. இடமாற்று ஆர்.என்.ஏ. என்னும் சிறிய மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் தனக்குரிய மணியைச் சுமந்துகொண்டு வந்து, எழுத்துகள் பொருந்தினால் அமர்கின்றன, பொருந்தாவிட்டால் விலகிப்போகின்றன. பாக்டீரியாவின் ரைபோசோம் ஒரு நொடிக்குள் ஏறத்தாழ 20 மணிகள்வரை கோத்துவிடும். இந்தத் தறியின் சிறிய பாதியின் அமைப்பை, அணுக்கள் இருக்கும் இடம் தெரியும் அளவுக்கு, 2000-ல் இங்குள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் கண்டறிந்தவர் 1952-ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். 2009-ல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். இந்த ஆய்வுகளால் மருத்துவத்துக்குக் கிடைத்த தெளிவு பெரியது. டெட்ராசைக்ளின் மாத்திரை, பாக்டீரியாவின் ரைபோசோமில் மணி சுமந்து வரும் மூலக்கூறு அமரவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. அங்கே புரதம் கோக்கும் வேலை நின்றுவிடுகிறது, கிருமி பெருக முடிவதில்லை.

இதுவரை எல்லாம் தறியோடு ஒத்துப்போகிறது. இனிமேல் ஒத்துப்போகாது, நான் இத்தனை தூரம் வந்ததும் அதற்காகத்தான். கோத்து முடித்த சரம் ரைபோசோமை விட்டு வெளியே வரும்போது அது வெறும் நூல். வேலை செய்யும் உருவம் அதற்கு இன்னும் வந்திருக்காது. நூலைச் சேலையாக்க நீங்கள் இருக்கிறீர்கள். அந்தச் சரத்தை மடிப்பதற்கு அங்கே யாரும் இல்லை, அது தானே மடிந்துகொள்கிறது. நீரோடு ஒட்டாத எண்ணெய்த் தன்மையுள்ள மணிகள் உள்ளே ஒடுங்க, நீரை விரும்பும் மணிகள் வெளியே திரும்ப, ஒவ்வொரு முறையும் அதே உருவத்துக்கு வந்து சேர்கிறது. அமெரிக்காவில் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சென் 124 மணிகள் கொண்ட ரைபோநியூக்ளியேஸ் என்னும் நொதியை யூரியாக் கரைசலில் முழுவதுமாகப் பிரித்துவிட்டுப் பிறகு யூரியாவை நீக்கினார். அது மறுபடி தன் உருவத்தை அடைந்து வேலையையும் தொடங்கியது. உருவத்துக்கான அறிவு முழுவதும் மணி வரிசையிலேயே அடங்கியிருக்கிறது என்று அவர் நிறுவியதற்கு 1972-ல் நோபல் பரிசு அளித்தார்கள்.

அந்த உருவத்தைக் கண்ணால் காண மனிதர்கள் பட்ட பாட்டை எண்ணும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது. மேக்ஸ் பெருட்ஸ் என்பவர் வியன்னாவில் பிறந்து, 1936-ல் 22 வயதில் இந்த ஊருக்குப் படிக்க வந்தவர். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரைச் செலுத்தி, 1937-ல் ஆய்வைத் தொடங்கினார். போர் வந்தபோது, பிறந்த நாட்டை வைத்து எதிரி நாட்டவர் என்று பிடித்துக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தும் அதே வேலையைத் தொடர்ந்தார். மூலக்கூறின் உருவம் அவருக்குப் புலப்பட்டது 1959-ல். நடுவில் 22 ஆண்டுகள் ஓடிவிட்டன. 1962-ல் ஜான் கென்ட்ரூவுடன் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மனைவி கிசேலா புதிய ஆய்வகத்தில் சிற்றுண்டிச்சாலையை அமைத்து நெடுங்காலம் பார்த்துக்கொண்டார் என்றும், பெரிய அறிஞரும் புதிய மாணவரும் ஒரே மேசையில் அமரும் வழக்கம் அங்கிருந்து வந்தது என்றும் இங்கே மூத்தவர்கள் சொல்கிறார்கள். எங்கள் கூடத்திலும் மாலைத் தேநீருக்கு எல்லோரும் ஒன்றாக அமர்கிறோம். வந்த புதிதில் தயங்கி ஒதுங்கி நின்ற என்னை நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரவைத்தவர் அறுபது வயதைக் கடந்த ஒரு பேராசிரியர்.

ஹீமோகுளோபின் நான்கு சரங்கள் சேர்ந்த கூட்டு. ஒவ்வொரு சரமும் ஓர் இரும்பணுவைத் தாங்கியிருக்கிறது. நுரையீரலில் ஓர் இரும்பணு ஆக்சிஜனைப் பற்றியதும் அது சற்றே நகர்கிறது, அந்த நகர்வில் சரம் இழுபட்டு மற்ற மூன்றும் ஆக்சிஜனை எளிதாகப் பற்றும்படி கூட்டு முழுவதுமே உருவம் மாறுகிறது. திசுக்களுக்குள் போனதும் இது தலைகீழாக நடந்து ஆக்சிஜன் இறங்கிவிடுகிறது. உருவம் மாறுவதே அங்கே வேலை.

உருவத்தில் ஒரு மணி பிசகினால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊரில்தான் கண்டார்கள். அரிவாள் அணு இரத்தசோகை உள்ளவர்களின் ஹீமோகுளோபினை வெர்னான் இங்ராம் 1956-ல் துண்டு துண்டாக்கி ஆராய்ந்தார். 146 மணிகள் கொண்ட சரத்தில் ஆறாவது மணி மட்டும் மாறியிருந்தது. குளூட்டாமிக் அமிலம் என்னும் மணி இருக்கவேண்டிய இடத்தில் வாலின் என்னும் வேறொரு மணி இருந்தது. எண்ணெய்த் தன்மையுள்ள அந்த வாலின் வெளிப்புறத்தில் இருப்பதால், ஆக்சிஜனை இறக்கிவிட்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகளாகி, சிவப்பணுவையே வளைத்துவிடுகின்றன. நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம் இந்த அரிவாள் அணு இருப்பதை 1952-ல் வெளியிட்டவர்களில் ஒருவரான ஹெர்மன் லேமன் பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில்தான் பேராசிரியராக இருந்தார். அந்த மக்கள் படும் துன்பத்தின் காரணம் ஒரே ஒரு மணி என்று அறிந்த நாளில் எனக்கு இரவெல்லாம் உறக்கம் வரவில்லை.

அப்பா, நீங்கள் மகிழக்கூடிய ஒரு செய்தியும் உண்டு. இங்கே வந்த முதல் வாரமே என்னிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, “உன் புரத உருவத்தை ராமச்சந்திரனில் வைத்துப் பார்” என்றார்கள். ஜி.என். ராமச்சந்திரன் 1947 முதல் 1949 வரை இந்த ஊரில் ஆய்வு செய்துவிட்டு நாடு திரும்பி, 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை ஏற்றவர். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் வலுவூட்டும் கொலாஜன் புரதத்தின் அமைப்பை, மூன்று சரங்கள் முறுக்கிய புரியாக முன்வைத்தார். அந்த ஆய்வுக்குக் கங்காருவின் வால் தசைநாண் அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தது. கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று கிளைசின் வருகிறது. புரியின் நடுவில் வேறெந்த மணிக்கும் இடமில்லாததால் பட்டில் கண்ட அதே சிறிய மணி இங்கும் தேவைப்படுகிறது. பிறகு 1963-ல் அவரும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும், ஒரு சரத்தின் ஒவ்வொரு மணியும் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் அணுக்கள் மோதிக்கொள்ளும் என்பதைக் கணக்கிட்டு ஒரே படமாக வரைந்தார்கள். இன்றும் உலகில் எங்கு ஒரு புரதத்தின் உருவத்தை வெளியிட்டாலும் அந்தப் படத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். கிண்டியில் பிறந்த அந்தப் படத்தை முதன்முதலாக இங்கே வேற்றுநாட்டவர் ஒருவர் எனக்கு விளக்கியபோது, நம் ஊரில் இருந்தவரை அதை அறியாமல் போனேனே என்று வருந்தினேன்.

சென்ற மாதம் என் கவனக்குறைவால் ஓர் இழப்பு நேர்ந்தது. மூன்று வாரம் உழைத்துத் தூய்மையாக்கிய புரதத்தைச் சேமிக்கும் கரைசலில் உப்பின் அளவைத் தவறாகப் போட்டுவிட்டேன். குளிர்அறையிலிருந்து காலையில் எடுத்தபோது, தெளிந்த நீர்போல இருந்தது முழுவதும் திரிந்த பாலாக வெண்மையாய்ப் படிந்திருந்தது. மடிப்பு குலைந்த சரங்கள் ஒன்றையொன்று பற்றிக் கட்டிக்கொண்டுவிட்டன. அம்மா முட்டை வேகவைக்கும்போது நடப்பதும் இதுதான். அதனால்தான் உயிரணுக்கள், புதிய சரங்கள் மடிந்து முடியும்வரை அவற்றைக் காத்து நிற்கும் துணைப்புரதங்களையும், சீர்கெட்டவற்றை அடையாளமிட்டு அழிக்கும் ஏற்பாட்டையும் வைத்திருக்கின்றன.

அந்தக் காவல் முதுமையில் தளர்வதை எண்ணும்போதெல்லாம் ஆயாவின் நினைவு வருகிறது. ஆல்சைமர் நோய் கண்டவர்களின் மூளையில் டௌ என்னும் புரதம் இழைகளாகச் சேர்ந்து கிடப்பதை 2017-ல் இங்குள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் நுணுக்கமாகப் படமெடுத்தார்கள். பட்டுக்கு உறுதி தரும் தகட்டு அடுக்குக்கு ஒப்பான ஒன்று அந்த இழைகளிலும் இருக்கிறது. ஆயாவுக்கு அந்த நோய்தான் என்று மருத்துவர் சொல்லியிருப்பதால் இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அவர் உங்கள் பெயரை மறந்துபோவது உங்கள்மேல் அன்பு குறைந்ததால் அல்ல. ஊடுநூல் ஓட்டும் தறி நாடாவைக் கையில் கொடுத்தால் இன்னும் சரியாகப் பிடிக்கிறார் என்று தம்பி எழுதியிருந்தான். தினமும் சற்று நேரம் தறியருகே உட்காரவையுங்கள்.

மணி வரிசையைக் கொடுத்தால் உருவத்தைக் கணித்துச் சொல்லும் கணினி முறைகளுக்குச் சென்ற ஆண்டு டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அப்படியானால் உன் வேலை போய்விடுமா என்று தம்பி கேட்டான். கணினி பெரும்பாலும் நின்ற கோலத்தைத்தான் காட்டுகிறது. ஹீமோகுளோபினைப் போல அசைந்து வேலை செய்வதைப் பார்க்க இன்னும் ஆய்வுக்கூடமும் பொறுமையும் வேண்டும் என்பது என் எண்ணம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அடுத்த முறை பட்டு வேகவைக்கும்போது, வேகவைப்பதற்கு முன் ஒரு முழமும் பின் ஒரு முழமும், சாயமும் ஜரிகையும் படாததாக எடுத்து, தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, எது எது என்று எழுதி அஞ்சலில் அனுப்புங்கள். எங்கள் கூடத்து எக்ஸ் கதிர்க் கருவியில் இரண்டையும் வைத்துப் பார்க்கப் பேராசிரியர் அனுமதி தந்திருக்கிறார். கிடைக்கும் படங்களை அச்செடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன். பழைய ஜக்கார்டு அட்டை ஒன்று வீணாகக் கிடந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

அம்மாவுக்கும் ஆயாவுக்கும் என் வணக்கம். தம்பிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்,
மலர்விழி