கிழக்கு லண்டன் யூத அறப்பணி: கட்டட முகப்போடு நிறுத்திவிடாதீர்கள்

கிழக்கு லண்டன் வரலாற்றைக் கண்காட்சியாகவும் நடைப்பயணமாகவும் காட்டுவோருக்கு,

புரூன் தெருவில் 1902இல் எழுந்த யூதக் கஞ்சித்தொட்டியின் முகப்பை நன்றாகவே விளக்குகிறீர்கள். உள்ளே போக ஒரு கதவு, வெளியேற ஒரு கதவு, கல்லில் செதுக்கிய எழுத்து எல்லாம் சரி. ஆனால் யூத ஏழைகளுக்கு ஏன் தனி ஏற்பாடு தேவைப்பட்டது என்பதைச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறீர்கள். அரசின் ஏழையர் விடுதியில் யூத நெறிப்படியான உணவு கிடையாது, சனிக்கிழமை ஓய்வும் கிடையாது. ஆகவே பக்தியுள்ள யூதர் பசித்தாலும் அங்கே போகத் தயங்கினார். 1859இல் நகரத்தின் மூன்று பெரிய தொழுகைக்கூடங்கள் சேர்ந்து யூத ஏழையர் காப்பு வாரியத்தை அமைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த வாரியத்தின் விதிகளையும் சொல்லுங்கள். லண்டனில் ஆறு மாதம் குடியிருந்தவருக்கே உதவி. எளிதில் உதவி கிடைத்தால் ரஷ்யப் பேரரசிலிருந்து இன்னும் பல யூதர்கள் வருவார்கள், யூத வெறுப்பு வளரும் என்று வாரியத்தார் அஞ்சினர். கப்பலிலிருந்து இறங்கிய முதல் வாரத்தில்தான் ஒருவருக்கு உதவி அதிகம் தேவை. விதி சரியாக அந்த வாரத்தில் கதவை மூடியது. திரும்பிப்போகச் சம்மதித்தவருக்குப் பயணச்செலவு மட்டும் கிடைத்தது.

அந்த இடைவெளியை நிரப்பியவர் சைமன் கோஹன் என்ற ரொட்டிக்கடைக்காரர். வந்தவர்களைத் தன் கடையில் படுக்கவைத்தார். இடம் சுகாதாரமற்றது என்று வாரியத்தார் புகார் செய்ய, 1885இல் அது மூடப்பட்டது. புலம்பெயர்ந்தோர் கொதித்தெழுந்தனர். அதன் பிறகே ஹெர்மன் லண்டாவ், சாமுவேல் மாண்டேகு போன்ற செல்வந்த யூதர்கள் முன்வர, பின்னர் லெமன் தெருவில் இயங்கிய தற்காலிகத் தங்குமிடம் பிறந்தது. அங்கே அதிகபட்சம் 14 நாள் தங்கலாம். வந்திறங்குவோர் ஏமாற்றுக்காரர் கையில் சிக்காதபடி அதன் ஆட்கள் துறைமுகத்துக்கே போய் அழைத்து வந்தார்கள். லெமன் தெருவில் நீங்கள் நிறுத்தும்போது செல்வந்தர் பெயர்கள் மட்டும் ஒலிப்பது அநியாயம்.

வாரியத்தின் கடன் பிரிவையும் விட்டுவிடாதீர்கள். பிணைநிற்க ஆள் இருந்தால் வட்டியில்லாக் கடன், வாரத் தவணையில் திருப்பலாம். தையல் இயந்திரமும் தவணையில் கிடைத்தது. சொந்த இயந்திரம் வந்தால் தையற்காரர் முதலாளி சொன்ன கூலிக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு: இயந்திரம் பெற்றவர்கள் குறுகிய அறைகளில் தாங்களே சிறு பட்டறை வைக்க, போட்டியில் கூலி சரிந்தது என்ற குறை அப்போதே எழுந்தது.

வென்ட்வொர்த் தெருவில் மிஞ்சி நிற்கும் வளைவு, பங்குதாரர் இலாபத்தை 4 சதவீதத்தில் நிறுத்தி, வாடகை வீடுகள் கட்டிய நிறுவனத்தின் அடையாளம். அது தானமல்ல, முதலீடு. வாடகை கட்ட முடியாத பரம ஏழைக்கு அங்கே இடமில்லை. இதை ஒரு வரியில் சொன்னாலே போதும்.

வாரியத்தின் பணி இன்றைய 'ஜூயிஷ் கேர்' அமைப்பில் தொடர்கிறது. பழைய பதிவேடுகள் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் காப்பகத்தில் உள்ளன. அவற்றிலிருந்து கடன் கணக்குப் பக்கம் ஒன்றையும், உதவி மறுக்கப்பட்ட பக்கம் ஒன்றையும், பெயர்களை மறைத்து, அடுத்த கண்காட்சியில் அருகருகே வையுங்கள்.