தோல் கோட்டுக்கு இரண்டு மணி நேரம், சொகொல்லுவுக்கு அரை மணி கிடையாதா?

இஸ்தான்புல்லுக்குக் குழுச் சுற்றுலா அழைத்துப்போகும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். அன்று மதியம் நடந்தது உங்களுக்கே தெரியும். நீல மசூதி முடிந்து ஹிப்போட்ரோம் மைதானத்தில் நின்றிருந்தோம். சரிவில் சில நிமிடம் இறங்கினால் ஒட்டோமான் பேரரசின் அமைச்சர் சொகொல்லு மெஹ்மத் பாஷாவின் பெயரில் உள்ள மசூதி. போகலாமா என்று கேட்டேன். "அவர் சுல்தான் வீட்டு மாப்பிள்ளை சார், அவ்வளவுதான். நேரமில்லை" என்றார் உங்கள் வழிகாட்டி. அப்புறம் பஸ்ஸில் ஏற்றித் தோல் கோட்டுக் கடையில் இறக்கினார். இரண்டு மணி நேரம். நாற்காலிகூட வாங்குகிறவர்களுக்குத்தான், என் முழங்கால் இன்னும் மன்னிக்கவில்லை.

மாப்பிள்ளைதான், மறுக்கவில்லை. சுல்தான் இரண்டாம் செலிமின் மகள் எஸ்மஹானைக் கட்டியவர். ஆனால் பிறந்தது போஸ்னியாவில், விஷெகிராத் பக்கத்துக் கிராமத்தில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில். கிறிஸ்தவச் சிறுவர்களை அரசுப் பணிக்குக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளும் தெவ்ஷிர்மே முறையில் வீட்டிலிருந்து பிடித்துப்போகப்பட்ட பையன், 1565 முதல் 1579 வரை மூன்று சுல்தான்களுக்குத் தலைமை அமைச்சர்.

1566இல் ஹங்கேரியில் சிகெத்வார் கோட்டை முற்றுகை நடக்கும்போதே கிழவர் சுல்தான் சுலைமான் கூடாரத்தில் இறந்துவிட்டார். சேதி கசிந்தால் படை கலைந்துவிடும். சொகொல்லு மூச்சு விடவில்லை. மகன் செலிம் வந்து சேரும்வரை வாரக்கணக்கில் இறந்தவர் பெயரிலேயே உத்தரவுகள் போய்க்கொண்டிருந்தன. இதைச் சொன்னால் பஸ்ஸில் ஒருவராவது தூங்குவாரா?

சூயஸில் கால்வாய் வெட்ட முடியுமா என்று 1568இலேயே பார்க்கச் சொன்னது அவருடைய நிர்வாகம். சொந்த ஊர் த்ரினா ஆற்றுக்குக் குறுக்கே கட்டடக் கலைஞர் சினானை வைத்து அவர் கட்டிய பதினொரு வளைவுப் பாலம் இன்றும் நிற்கிறது. கடைசியில் 1579இல் தர்வேஷ், அதாவது சூஃபி துறவி, வேடத்தில் வந்தவன் கத்தியால் குத்திக் கொன்றான்.

நான் கேட்பது அரை மணி நேரம். அந்த மசூதியும் சினான் கட்டியதுதான். சுவரில் பதித்த வண்ண இஸ்னிக் ஓடுகளைப் பார்க்கவே அது போதாது.

தோல் பார்க்கத்தான் ஆம்பூர் இருக்கிறதே! அங்கே விமானச் செலவும் இல்லை. நம் ஊர் வெயிலுக்கு ஆட்டுத்தோல் கோட்டு எதற்கு என்பதையும், கடைக்காரர் வழிகாட்டியிடம் கொடுத்த கவரில் என்ன இருந்தது என்பதையும்... சரி, அது வேண்டாம்.

அடுத்த குழுவின் பட்டியலில் அந்த அரை மணியைத் தயவுசெய்து சேருங்கள். திரும்பி மேடேறும்போது வயதானவர்களுக்கு மூச்சு வாங்கும்தான். மெதுவாக ஏறிக்கொள்கிறோம்.

அன்புடன்,
பின் வரிசைச் சீட்டுக்காரன்