நலம் விசாரிக்க வருகிறவர்கள் கண்மாய்ச் செய்தி கொண்டு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை மாவட்டக் கண்மாய்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் எழுதிவரும் நண்பரின் கட்டுரை சில வாரங்களாக ஏன் வரவில்லை என்று வாசகர்கள் கேட்டிருந்ததைப் படித்தேன். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இடையில் நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டியதாயிற்று. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரை மட்டும் போட வேண்டாம், பரிதாபப்பட்டு யாரும் என் கட்டுரையைப் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

கண்மாயைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நீச்சலடித்தோம், கெளுத்தி பிடித்தோம் என்று ஏங்குவார்கள். இல்லையென்றால் ஆக்கிரமிப்பு, சீமைக் கருவேலம் என்று அதிகாரிகளைச் சாடுவார்கள். இரண்டும் வேண்டியதுதான். ஆனால் மடையை யார் திறந்தார்கள், எந்த வயலுக்கு முதலில் தண்ணீர் போனது, கடைமடைக்காரர் எத்தனை ராத்திரி வாய்க்கால் வரப்பில் காத்துக் கிடந்தார் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதியவர் எனக்குத் தெரிந்து இவர்தான்.

மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் வேலை பார்த்த, வயதான நீர்க்கட்டி ஒருவரோடு அவர் பேசிக்கொண்டிருந்தபோது நானும் கூட இருந்தேன். கண்மாய் நிறைந்து கிடக்கும்போது சில பழைய மடைகளைத் திறக்க வேண்டுமென்றால், மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் முங்கி, கல் துவாரத்தில் இருக்கும் அடைப்பைக் கையால் தடவி இழுக்க வேண்டும். தண்ணீர் இழுக்கும் வேகத்தில் கை மாட்டிக்கொண்டால் ஆள் மேலே வர முடியாது. பெரியவர் இதைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்த நண்பர் சட்டென்று நிறுத்தி, "எந்தக் கையய்யா முதல்ல உள்ள விடுவீங்க?" என்று கேட்டார். பெரியவர் வலது கையை நீட்டினார். இரண்டு விரல்கள் முதல் கணுவோடு நின்றிருந்தன. கட்டுரையில் அந்த விரல்களுக்கு ஒரே ஒரு வரிதான். அடுத்த வரியில், அந்த வேலைக்கு அறுவடைக் களத்தில் எத்தனை மரக்கால் நெல் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தார்.

பல ஊர்களில் நீர்க்கட்டி வேலை பார்த்தவர்கள் தலித் மக்கள். ஊருக்கெல்லாம் தண்ணீர் பிரித்துக் கொடுத்தவருக்கு அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் ஒரு செண்ட் நிலம்கூட இருக்காது. நண்பர் இதை மறைத்து எழுதியதில்லை. ஆயக்கட்டுக்காரர்கள் சிலருக்கு அதில் வருத்தம் உண்டு, வீட்டுக்கே வந்து பேசினார்கள். காபி கொடுத்து உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டார். எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

தண்ணீரைப் பற்றியே எழுதியவர் இப்போது குடிக்கிற தண்ணீரையும் அளந்து குடிக்கும்படி ஆகிவிட்டதே என்று பார்க்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு அவருக்குப் பிடிப்பதில்லை. பல வருடச் சர்க்கரை, அதனால் வந்தது என்று முடித்துவிடுவார். அப்புறம் வந்தவரிடமே, "உங்களுக்குச் சுகர் இருக்கா? ரத்தத்துல கிரியேட்டினின் பார்த்தீங்களா? சிறுநீர்ல புரதம் போகுதான்னு பார்த்தீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவார். சிறுநீரகம் கெடுவது ஆரம்பத்தில் வலிக்காது. கால் வீங்கி, மூச்சு வாங்கிய பிறகு போனால் பெரும்பகுதி போயிருக்கும். வாசகர்களுக்கும் இதைச் சொல்லச் சொன்னார்.

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த ஃபிஸ்டுலா இடது கையில் இருக்கிறது. ஊசி குத்தியிருக்கும்வரை அந்தக் கையை அசைக்கக் கூடாது. வலது கை சும்மாதானே இருக்கிறது என்று நெஞ்சின் மேல் பரீட்சை அட்டையை வைத்துக்கொண்டு எழுதுகிறார். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்று 2024 கடைசியில் மேலூர் வட்டாரமே திரண்டதே, அப்போது அந்த மலைத் தண்ணீர் எந்தெந்தக் கண்மாய்க்கு இறங்குகிறது என்று அவர் எழுதிய கட்டுரை இப்படிப் படுத்துக்கொண்டு எழுதியதுதான். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. பெருமை முழுக்க ரோட்டில் இறங்கிய ஜனங்களுக்கு என்றார். அது உண்மைதான். ஆனாலும் அங்கே இருப்பது வெறும் பாறை இல்லை, ஒன்று நிறைந்து வழிகிற மறுகால் தண்ணீர் இன்னொன்றை நிரப்பும் கண்மாய்ச் சங்கிலி என்று வெளியூர்க்காரர்களுக்கு விளங்கவைத்ததில் அவருக்கும் பங்கு உண்டு என்பேன்.

பண உதவி கேட்டு இதை எழுதவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை நடக்கிறது, பிள்ளைகளும் பார்த்துக்கொள்கிறார்கள். அன்போடு இளநீரும் வாழைப்பழமும் வாங்கி வருகிறார்கள். இரண்டுமே பொட்டாசியம் ஏறும் என்று டாக்டர் விலக்கியவை. அவருக்கு வேண்டியது வேறு. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கண்மாய்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன, இனி அவரால் அலைய முடியாது. உங்கள் ஊர்க் கண்மாயில் எத்தனை மடை, ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர், கடைசியாக எந்த வருடம் மறுகால் பாய்ந்தது, அந்தத் தண்ணீர் அடுத்து எங்கே போகிறது, கடைசி நீர்க்கட்டி யார், அவருக்கு என்ன கூலி என்று ஒரு பக்கம் எழுதி இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கின் கல்லில் எழுத்து இருந்தால் ஒரு போட்டோ. கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

ஆசிரியர் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். இதுவரை வந்த கட்டுரைகளைச் சீக்கிரம் நூலாக்க ஏற்பாடு செய்யுங்கள். மடைப் பெயர்களையும் வாய்க்கால் பெயர்களையும் அவர் இருந்து சரிபார்க்க வேண்டும். வேறு யாராலும் அது ஆகாது.

அவர் முடித்துவைத்த இரண்டு கட்டுரைகளைத் தட்டச்சு செய்து இத்துடன் இணைத்திருக்கிறேன். முதல் கட்டுரையின் படத்தில் கலுங்கு வடக்குப் பக்கம் வர வேண்டும், அச்சில் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
மேலூர்.